பெல்ட் மாற்றினோம்

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்ததால் எனக்கு எந்தச் சாமானுக்கும் இரண்டு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் ‘கூர்வா’, மெக்கானிக் ஷெட்டில் பெல்ட்.

எங்கள் ஆபீஸ் அம்பாசிடரின் டிக்கியில் டிரைவர் எப்போதும் ஒரு ஃபேன் பெல்ட் உபரியாக வைத்திருப்பார். ஃபேன், தண்ணீர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றியது அந்த ஒரே பெல்ட்தான். அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, புதுசை மாட்டி, கட்டையால் நெம்பி இறுக்கி, கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். அரை அங்குலம் அமுங்கினால் சரி. கால் மணி நேரத்தில் கேம்ப் கிளம்பிவிடும்.

இன்றைய கார்களில் அகலமான, உள்பக்கம் கோடு கோடாக இருக்கும் பெல்ட் ஒன்று பாம்பு போல வளைந்து வளைந்து பல கப்பிகளைச் சுற்றுகிறது. அதனால்தான் சர்ப்பன்டைன் பெல்ட் என்று பெயர். பெரிய அளவில் இது வந்தது 1979 மஸ்டாங் காரில் என்பார்கள். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பம்ப், சிலவற்றில் தண்ணீர் பம்ப், எல்லாம் இதன் தயவில். அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது. அந்தப் பம்ப் இருக்கும் வண்டியில் ஸ்டீயரிங் கல்லாகிவிடும்.

என்னுடையது பழைய ஃபிகோ டீசல். மறைமலைநகரில் செய்தது. நாவலூரிலிருந்து வண்டலூர் வழியாகப் போனால் அந்த ஆலை தூரமில்லை. அதன் 1.4 லிட்டர் என்ஜின் ஃபோர்டும் பிரான்ஸின் பெஷோ-சித்ரோயனும் சேர்ந்து உருவாக்கியது. எனக்கு அதில் ஒரு சின்ன உறவு!

ஒரு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘கீச்’சென்று சத்தம். “வித்துடுங்கப்பா, கேப் பிடிச்சுக்கலாம்” என்றான் பையன். வீட்டுக்காரிக்கு ஆஸ்துமா. சென்ற மழைக்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டியபோது மூன்று கேப்கள் வரிசையாக கேன்சல் ஆயின. அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்த வண்டிதான். வழியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனால் விற்கவில்லை, பெல்ட்டை மாற்றத் தீர்மானித்தேன்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். அந்த ஆலையில் என்ஜின் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். 2022ல் உற்பத்தி நின்றபின் வேறு கம்பெனியில் வேறு வேலை. விஷயத்தைச் சொன்னதும், “ஞாயித்துக்கிழமை நான் வரேன் சார், கடைக்குக் குடுக்காதீங்க” என்றார்.

சாவி என் பாக்கெட்டில். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினோம். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்து, வலது முன் சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தார். பெல்ட் ஓடும் வழியை நான் நோட்டில் படம் போட்டுக்கொண்டேன். குமாஸ்தா புத்தி! டென்ஷனரை ஸ்பானரால் திருப்பியதும் பெல்ட் தளர்ந்து கையோடு வந்தது.

பழையதில் வெடிப்பே இல்லை. “இப்போ வர்ற ரப்பர் வெடிக்காது சார், தேயும். கோட்டுக்கு நடுவுல பள்ளத்தைப் பாருங்க” என்றார். புதுசோடு வைத்துப் பார்த்தபோதுதான் தேய்மானம் தெரிந்தது. பெல்ட் எண்ணில் 6 பி.கே. என்றிருந்தால் ஆறு கோடு. அடுத்து வருவது மில்லிமீட்டரில் நீளம். வாங்கும்போது இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

புதுசைப் போடுமுன் ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றி, காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் மாறியிருந்தது. “கடைசியா இந்த என்ஜினைத் தொட்டு ரொம்ப நாளாச்சு சார்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. ரிட்டயர் ஆனபின் ஃபைல் வாசனைக்கு ஏங்கியவன் நான். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

பணம் வாங்க மறுத்துவிட்டார். காபி குடித்துவிட்டு, பழைய பெல்ட்டைத் தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கிப்போனார்.

இரண்டு வாரம் கழித்து ராத்திரி மறுபடி கிளம்ப வேண்டியிருந்தது. வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. இப்போது வீட்டுக்காரி நலம்.

நண்பர்களே, ஒன்று சொல்கிறேன். உள்ளே மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் வேறு; அதில் வீட்டில் கை வைக்க வேண்டாம். வெளியே ஓடும் இந்தப் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உங்கள் தெருவிலும் வேலை தெரிந்த ஒரு தம்பி சும்மா இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், சந்தோஷப்படுவார்.