பனிமலையில் ஒரு பலகைச் சவாரி

சுங்குவார்சத்திரத்தில் மார்கழி மாதத்து விடியற்காலையில் பனி கொட்டும். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்கள் துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொள்வார்கள். நமக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான். எட்டு மணிக்கு வெயில் வந்தால் அதுவும் போயிற்று!

காஷ்மீரத்துக் குல்மார்க்கில் பனி வேறு ஜாதி. அதற்கு அவ்வூர்ப் பெயர் 'ஷீன்'. டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்குச் 'சில்லாய் கலான்' என்று பெயர். குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஏறத்தாழ ஒரே உயரந்தான்! ஆனால் தொட்டபெட்டாவில் புல்லின் மேல் சர்க்கரை தூவினாற்போல் வெளுப்பதோடு சரி. குல்மார்க்கிலோ வேலியும் பெஞ்சியும் பனிக்குள் புதைந்து கிடக்கின்றன.

அந்த மலைக்கு என்னோடு வந்தவர் சுங்குவார்சத்திரத்துக்காரர்தான். அங்கே ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை உத்தியோகம் பார்க்கும் பெண். மூன்று குளிர்காலமாக லீவைச் சேர்த்து வைத்து, இங்கே வந்து பனிப் பலகை விடக் கற்றுக்கொண்டிருக்கிறார். "வருஷம் பூராவும் ஏ.ஸி.க்குள் நிற்கிறேன், அக்கா. ஒரு வாரமாவது நிஜக் குளிரைப் பார்க்க வேண்டாமா?" என்று சிரிக்கிறார்.

அவர் முதுகில் இருந்த பலகைக்கு 'ஸ்பிளிட்போர்டு' என்று பெயர். நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் பலகை. ஏறும்போது காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்ளலாம். உச்சி சேர்ந்ததும் இரண்டையும் கொக்கி போட்டு ஒன்றாக்கி, பக்கவாட்டில் நின்றபடி சறுக்கி இறங்கலாம். வழுக்குகிற பலகையால் மேடேறுவது எப்படி என்கிறீர்களா? அடியில் ரோமப் பட்டை ஒட்டுகிறார்கள். ரோமம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பூனையின் முதுகைத் தடவிப் பாருங்கள்; ஒரு பக்கம் வழவழப்பு, எதிர்ப்பக்கம் முரண்டு. அதே சூட்சுமந்தான்! பலகை முன்னே வழுக்கும், பின்னே நகராது.

காலையில் 'கோண்டோலா' என்னும் கம்பி வண்டியில் கொங்தூரி வரை போனோம். அந்த முதல் கட்டம் 1998-லும், அங்கிருந்து அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை செல்லும் இரண்டாவது கட்டம் 2005-லும் திறக்கப்பட்டன. கம்பி வண்டியை ஒட்டிய சரிவுகளை ரோந்துக்காரர்கள் பரிசோதித்துத் திறந்து விடுகிறார்கள். அதைத் தாண்டிப் போனால் உயிர் அவரவர் பொறுப்பு. நாங்கள் தாண்டித்தான் போனோம். தங்மார்க்கைச் சேர்ந்த வழிகாட்டி முன்னே, அவர் நடுவே, பனியில் புதையாத அகலச் செருப்புக் கட்டிக்கொண்டு நான் பின்னே.

ஒரே மலையில் எத்தனை விதப் பனி என்கிறீர்கள்! மர நிழலில் சலித்த மைதா மாவு. காற்று வீசும் முகட்டில் சிமெண்டுத் தரை. பகலில் உருகி இரவில் இறுகிய தெற்குச் சரிவில் மேலே தோசை முறுகல், உள்ளே கொழகொழப்பு. கால் வைத்தால் சடக்கென்று உடைகிறது. உச்சி வெயில் ஏறினால் அதுவே பிசைந்த மாவாகிப் பலகையில் அப்பிக்கொள்கிறது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பனி. ஆபத்தானது தெரியாத பனி. குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பெய்துவிட்டு வானம் பல நாள் வெறித்துக் கிடந்தால், தரைச் சூட்டில் ஆவி எழும்பி அடிப்பனி பெரிய மணிகளாக மாறிவிடும். ரவையைப் போல ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் பின்னால் கனமாகப் பெய்தால், ரவையின் மேல் கல் அடுக்கிய கதைதான். ஒரு மனிதரின் கனம் போதும், சரிவு முழுவதும் பெயர்ந்து வர.

2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அபர்வத்தில் வந்த பனிச்சரிவில் போலந்துக்காரர் இருவர் மாண்டனர். 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லாமல் புல்தரை தெரிந்தது. பனி தாமதித்து வந்தது. பிப்ரவரி 22-ஆம் தேதி கிலன்மார்க் பக்கம் சரிவில் சிக்கி ரஷ்யர் ஒருவர் இறந்தார். பனிக்குள் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வழி. ஆகையால் ஒவ்வொருவர் மார்பிலும் வானொலி அலைக் கருவி ஒன்று. பையில் மண்வெட்டியும் குத்திப் பார்க்கும் நீளக் கம்பியும்.

கொங்தூரிக்கு மேலே கிண்ணம் போன்ற பெரிய சரிவு ஒன்று. ஒரு சுவடு கிடையாது! வெயிலில் வெள்ளித் தாம்பாளமாய் மின்னியது. அவருக்கு அன்று லீவின் கடைசி நாள். வருஷம் முழுவதும் அவர் கனவு கண்டது இதைத்தான்.

வழிகாட்டி ஓரமாகக் குழி தோண்டினார். பனியில் ஒரு அடிக்கு ஒரு அடி தூண் செதுக்கி, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டினார். மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. இதுதான் பரீட்சை. முதல் பத்துக்குத் தூண் அசையவில்லை. பன்னிரண்டாவது தட்டில், மேஜை இழுப்பறையை இழுத்தாற்போல் மேற்பாதி நழுவி வந்து விழுந்தது. அடியில் ரவை!

யாரும் பேசவில்லை. வழிகாட்டி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் சரிவைப் பார்த்தார்.

"நாலு மணி வரைக்கும் வெயில் இருக்கிறதே, பாய்?" என்றார் மெதுவாக.

"வெயில் இருக்கிறது, தீதி. பிடிப்பு இல்லையே!"

அவர் கையுறையைக் கழற்றிக் கொஞ்சம் ரவைப் பனியை அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கும். அப்படி ஒரு சாமான் வந்தால் நான் லைனையே நிறுத்திவிடுவேன், அக்கா" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

திரும்பிவிட்டோம். பிற்பகலில் அவர்கள் இருவரும் குல்மார்க்கின் விளிம்பிலிருந்து சாய்வு குறைந்த மரக்காட்டு வழியாகப் பாபா ரிஷி தர்கா இருக்கும் கிராமத்துக்கு இறங்கினார்கள். ஜீப்பில் முன்னே போய் நான் காத்திருந்தேன். தேவதாரு மரங்களுக்கிடையே நெளிந்து நெளிந்து, பனிப்புழுதி பறக்க ஒரு சிவப்புச் சட்டை வந்து நின்றது. புருவமெல்லாம் வெள்ளை, முகமெல்லாம் சிரிப்பு.

உப்புப் போட்ட ரோஜா நிறத் தேநீரைக் குடித்துக்கொண்டே, கைப்பேசியில் அடுத்த பிப்ரவரி மாதத்து நாட்காட்டியைத் திறந்து லீவு நாட்களை எண்ணத் தொடங்கினார்.