வாத்தியார் ஆடலாமா?

கோவையில் பீளமேட்டுப் பக்கத்து மைதானம் ஒன்றில், பதினோராவது ஆள் அகப்படாமல் டிரில் வாத்தியாரையே மட்டையுடன் இறக்கிவிட்ட ஒரு பந்தயத்தின்போது, எதிரணிச் சிறுவன் ஒருவன், "ஏனுங்க சார், வாத்தியாரு ஆடுனா அது ஸ்கூல் மேட்சாகுங்களா?" என்று நடுவரைக் கேட்டான். அவர் சிரித்துச் சமாளித்துவிட்டார். எனக்கோ அந்தக் கேள்வியின் மூலத்தை அறிய வேண்டுமென்ற ஆவல் பற்றிக்கொண்டது.

ஆங்கிலேயர் நம் ஊரில் கண்ட பள்ளி என்றதும் 1862இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய பள்ளியே நினைவில் எழும். ஆனால் ஸ்டேன்ஸ் காப்பி வியாபாரத்தில் பேரெடுத்தவரேயன்றி மட்டையால் பேரெடுத்தவர் அல்லர். ஆகவே ஆடிய ஆசிரியரைத் தேடிப் பழைய கிரிக்கெட் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே போன நான், கடைசியில் கடல் கடந்து கொழும்பில் போய் நின்றேன்.

ஆஷ்லி வாக்கர் 1844இல் யார்க்ஷயரைச் சேர்ந்த பிராட்ஃபோர்டில் பிறந்தவர். பஞ்சுக்குப் பதில் கம்பளி என்பதொழிய, அதுவும் நம் கோவையைப் போல ஆலைச் சங்கொலியில் கண்விழித்த ஊர்தான். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அணிக்கு 1864 முதல் 1866 வரையிலும், யார்க்ஷயருக்கு 1870 வரையிலும் ஆடிய அவர், 1876இல் கொழும்பு அக்காடமிக்கு உபாத்தியாயராக வந்து சேர்ந்தார். 

மாணாக்கர்களுக்கு ஆட்டத்தைக் கற்பித்த வாக்கர், 1879இல் புனித தோமையார் கல்லூரியோடு ஒரு பந்தயத்துக்கு ஏற்பாடு செய்தார். பேரே வாவியைப் படகில் கடந்து ஆடப் போனார்கள் என்று ஐதிகம் கூறும் அந்த ஆட்டம், இன்று தாஜ் சமுத்திரா ஹோட்டல் நிற்கும் காலிமுகத் திடற்பகுதியில் நடந்தது. இரு தரப்பிலும் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் கலந்து ஆடினார்கள். அக்காடமி 1881இல் ராயல் கல்லூரியாயிற்று. பந்தயமோ இரண்டு உலக யுத்தங்களிலும் தடைப்படாமல் தொடர்ந்தது.

சிறுவனுடைய கேள்விக்குரிய இடம் இதுதான். ஆசிரியர் ஆடிய காரணத்தால் 1879ஐத் தள்ளிவிட்டு, மாணாக்கர் மட்டுமே ஆடிய 1880ஐ முதலாவதாக வைத்து எண்ணுகிறார்கள். நூறாவது ஆட்டத்தை 1979இல் கொண்டாடியதும் அந்தக் கணக்கின்படியே. இலங்கைப் பள்ளிக் கிரிக்கெட்டின் பிதா என்று வாக்கரைப் புகழ்வதும் அவர் ஆடிய ஆட்டத்தை விலக்குவதும் ஒரே சபையார் செய்யும் காரியங்கள்! விதி தெரிந்தவர் ஆசிரியரே, களத்தில் இறங்கிக் காட்டவேண்டியவரும் அவரே என்றிருந்த காலத்துக்குப் பிற்காலத்து நியமத்தை ஏற்றுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இத்தனைக்கும் கணக்கில் அவர்கள் விட்டுக்கொடுப்பவர்கள் அல்லர். 1885இல் ராயல் 9 ரன்னுக்குள் சுருண்டு மறுநாள் ஆட்டம் நடவாமற்போன பந்தயத்தைத் தோமையார் கட்சி தன் வெற்றியென்றும், ராயல் கட்சி முடிவுறாத ஆட்டமென்றும் இன்றளவும் தத்தம் ஏட்டில் எழுதி வருகின்றன.