கல்லூரியில் கொடுத்த ரெண்டு பக்கத் தாள்

நீளமான பதிவு. முதல் வருடம் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் புரட்டாசி மாதம், ஒரு சாயங்காலம். எதிர் வீட்டுப் பெண் அழுத முகத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். எங்கள் பள்ளியில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பி.எஸ்சி. தாவரவியல். தினமும் செந்துறையில் பஸ் ஏறி, அரியலூரில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போகிறாள்.

"டீச்சர், நான் நின்னுக்கறேன். அம்மாவும் சரின்னுட்டாங்க. எனக்கு இந்தப் படிப்பு வராது."

கையில் நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு தாள். முதல் வாரத்தில் கல்லூரியில் எல்லாருக்கும் கொடுத்தது. முழுக்க ஆங்கிலம். இந்தப் பாடத்தில் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம், என்னென்ன விதிமுறைகள் என்று இரண்டு பக்கம். தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் படித்தவள் முதல் பத்தியோடு நிறுத்தி மடித்து வைத்துவிட்டாள். மூன்று மாதம் பையிலேயே கிடந்திருக்கிறது.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைக்கு வந்தவள். கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து படித்ததில்லை. எனக்கும் அந்தத் தாள் புதிதுதான். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு இருவருமாக வரி வரியாகப் படித்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விதி, வருகைப்பதிவு. 75 சதவீதம் வேண்டும். இதில் என்ன கஷ்டம், தினமும்தானே போகிறாள் என்று நினைத்தேன். கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவள் பஸ் போய்ச் சேர ஒன்பதே கால் ஆகிவிடும். வகுப்பு ஒன்பதுக்கு. தாமதமாக உள்ளே நுழைய வெட்கப்பட்டு, முதல் மணி முடியும்வரை வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருக்கிறாள். மூன்று மாதமாக!

அந்தக் கல்லூரியில் வருகையை மணிக்கணக்கில் பதிகிறார்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி என்று வைத்தால் மொத்தம் 450 மணி. தினமும் ஒரு மணி போனால், ஒரு நாள்கூட லீவு போடாமல் போனாலும் 360 மணி, அதாவது 80 சதவீதம்தான். அதற்கு மேல் ஆறு நாள் காய்ச்சலில் படுத்தால் 336 மணி. 75க்குக் கீழே இறங்கிவிடும். தாளின் ஓரத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஆனால் அதே விதிக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் மென்டரிடம் எழுதிக் கொடுத்தால் தாமதத்துக்கு அனுமதி உண்டு என்று. கூடவே, மென்டரைப் புதன்கிழமை 3 மணியிலிருந்து 4 மணிவரை பார்க்கலாம் என்றும் இருந்தது.

"மென்டரை ஏன் பார்க்கலை?" என்றேன்.

"தப்பு பண்ணினவங்களைத்தான் அங்க கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன் டீச்சர்."

நட்புகளே, இந்தப் பதிலுக்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவளைக் கல்லூரியை விட்டு அனுப்பப் பார்த்தது எழுதி வைத்த விதி இல்லை. யாரும் எழுதாத, மற்றவர்களுக்கெல்லாம் தானாகத் தெரிந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிற விஷயங்கள். தாமதமானாலும் கதவைத் தட்டலாம். புரியவில்லை என்றால் போய்க் கேட்கலாம். கேட்பது குற்றமில்லை. அப்பாவோ அக்காவோ கல்லூரிக்குப் போயிருந்தால் வீட்டுச் சாப்பாட்டோடு இதெல்லாம் வந்துவிடும். இவளுக்கு யார் சொல்வது?

அடுத்தது மதிப்பெண். பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. பள்ளியில் கடைசி மாதம் உட்கார்ந்து படித்துத் தேறிவிடலாம். பிள்ளைகள் அதே பழக்கத்தோடு கல்லூரிக்கும் போகிறார்கள். இங்கே அந்த 25, சின்னத் தேர்வு, அசைன்மென்ட் என்று கண்ணுக்குத் தெரியாமல் மாதாமாதம் கரைந்துகொண்டே இருக்கும். கடைசியில் எவ்வளவு படித்தாலும் போனது போனதுதான். இதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். "செமஸ்டர் எப்போ?" என்று கேட்பதோடு, "இந்த மாசம் என்ன குடுக்கணும்?" என்றும் கேளுங்கள்.

மூன்றாவது விதி என்னையே குத்தியது. செய்முறை வகுப்பில் ரெக்கார்டு நோட்டில் படம் வரைவது பற்றியது. "நுண்ணோக்கியில் உங்கள் கண்ணுக்குத் தெரிவதை வரையுங்கள், புத்தகத்தில் இருப்பதை வரையாதீர்கள்" என்பது அதன் பொருள்.

வேலையில் சேர்ந்த புதிதில் நடந்தது ஒன்று. கரும்பலகையில் முந்திரி வரைந்து, மேலே பெரிதாக இருப்பதற்குப் 'பழம்', கீழே தொங்குவதற்கு 'விதை' என்று எழுதினேன். முந்திரிக் கொல்லை வைத்திருந்த வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், எங்க கொல்லையில கொட்டைதான் மொதல்ல வரும். பழம் அப்புறமாத்தான் வீங்கும்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பலகையில இருக்கறதை எழுது, உட்காரு."

பல வருடம் கழித்து என் மகளின் மேல்நிலை தாவரவியல் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. முந்திரியில் உண்மையான கனி அந்தக் கொட்டைதான். அதற்குள் நாம் சாப்பிடும் பருப்புதான் விதை. நாம் பழம் என்று சொல்வது பூவின் காம்பு பருத்தது. அதற்குப் பொய்க்கனி என்று பெயர். கொட்டை முதலில் உருவாகிறது, காம்பு பிறகுதான் பருக்கிறது. பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான், நான் உட்காரச் சொன்னேன். அவனுக்குள் ஒரு தாவரவியல்காரன் இருந்திருக்கலாம். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "டீச்சர், ஸ்பைரோகைரான்னு ஒண்ணு லென்சுல காட்டினாங்க. நம்ம ஏரியில கால் வச்சா வழுக்குமே, அந்தப் பச்சை நூல் மாதிரியே இருந்துச்சு. கேக்க பயமா இருந்துச்சு." அதேதான் அம்மாடி! முதல் பருவத்தில் பெரும்பாலும் பாசிகளில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பெயர்கள் வாயில் நுழையாமல் பிள்ளைகள் மிரள்கிறார்கள். பெயர்தான் அந்நியம், பொருள் நம் ஊர் ஏரியில் கிடக்கிறது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால்?

நான்காவது, ஹெர்பேரியம். வருட முடிவுக்குள் பத்துச் செடிகளைச் சேகரித்து, காய வைத்து, அட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். சீனியர்களிடம் பழைய செட் விலைக்குக் கிடைக்குமாம். வாங்கிவிடலாம் என்று இருந்தாள். தாளிலோ, அடுத்தவர் சேகரித்ததைத் தன் பெயரில் கொடுத்தால் மதிப்பெண் கிடையாது என்று தெளிவாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினோம். ஆவாரை, நெருஞ்சி, தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி. எல்லாம் ரோட்டோரத்திலேயே கிடைத்தன. செய்தித்தாள் மடிப்பில் வைத்து, மேலே டிரங்குப் பெட்டியைப் பாரம் வைத்தோம். தாளைத் தினமும் மாற்ற வேண்டும் என்று இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக் காலம். நான்காம் நாள் பார்த்தால் தும்பை முழுக்கப் பூஞ்சணம். விதி ஏன் எழுதியிருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. திரும்பப் பறித்து, தினமும் தாள் மாற்றி, சரியாகக் காய வைத்தோம்.

ஒட்டிய அட்டையின் வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு. அறிவியல் பெயர், குடும்பம், உள்ளூர்ப் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர். இந்தச் சீட்டு இல்லையென்றால் அந்தச் செடி வெறும் வைக்கோல்தான். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கிருந்த அருட்தந்தை கே. எம். மேத்யூ இப்படிச் செடி செடியாகச் சேகரித்துத்தான் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றி 1981இலிருந்து 1988வரை தொகுதி தொகுதியாகப் புத்தகம் போட்டார். அத்தனை பெரிய வேலைக்கும் அடிப்படை அந்தச் சின்னச் சீட்டுதான். நாளைக்கு ஒருவர் வந்து, இந்தச் செடி செந்துறையில் எந்த வருடம் இருந்தது என்று கேட்டால் பதில் சொல்வது அதுதான். பொய்ச் சீட்டு எழுதினால் பொய்ச் சாட்சி சொன்ன மாதிரி. இதைச் சொன்னதும், விலைக்கு வாங்கும் பேச்சை அவளே விட்டுவிட்டாள்.

செல்போனில் படம் எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் ஆப்கள் இப்போது வந்துவிட்டன. அவளும் வைத்திருக்கிறாள். தவறில்லை. ஆனால் அதை ஆரம்பமாக வைத்துக்கொண்டு, இலை, பூ, காய் மூன்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். கீழாநெல்லிக்கும் மேலாநெல்லிக்கும் போன் குழம்பும். குனிந்து பார்த்தால் நம் கண் குழம்பாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தாவரவியல் என்றால், "டாக்டர் சீட் கிடைக்காதவங்க படிக்கிறது" என்று ஒரு பேச்சு. எங்கள் தாலுகா குழுமூர் அனிதா 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காமல், செப்டம்பர் 1ஆம் தேதி நம்மை விட்டுப் போனார். அந்த வலி இந்த ஊர்ப் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கிடைத்த படிப்பை மிச்சம் மீதி என்று பிள்ளைகள் காதுபடப் பேசாதீர்கள். இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தாவரவியல் பட்டம் தகுதியான பட்டம். பி.எட். முடித்து ஆசிரியராகலாம், எம்.எஸ்சி. போகலாம். நாம் வாழும் மண்ணும் சாதாரண மண் இல்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 12 கோடி வருடத்துக்கு முந்தைய மரம் கல்லாகிக் கிடக்கிறது, 18 மீட்டர் நீளம். பூக்கும் செடிகள் பூமியில் பெருகுவதற்கு முந்தைய காலத்து மரம். உலகமெங்கும் தாவரவியல் படிப்பவர்கள் படத்தில் பார்ப்பதை நம் பிள்ளைகள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பார்க்கத்தான், உடைத்து எடுத்து வர இல்லை!

சரி, அவள் என்ன ஆனாள்?

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்கு மென்டரைப் போய்ப் பார்த்தாள். என்ன பேச வேண்டும் என்று முதல் நாள் ராத்திரி என் முன்னால் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். அந்த அம்மா கோபப்படவில்லையாம். "இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?" என்று மட்டும் கேட்டாராம். பஸ் நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாமத அனுமதி கொடுத்திருக்கிறார். போன மணிகள் திரும்பி வரவில்லை. முதல் பருவம் 71 சதவீதத்தில் முடிந்தது. கட்டணம் கட்டித்தான் தேர்வு எழுதினாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் ஆயிரம் ரூபாய் கை கொடுத்தது. ஒரு பாடத்தில் அரியர். அடுத்த பருவத்தில் அதையும் எழுதி முடித்துவிட்டாள். இப்போது இரண்டாம் வருடம்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதிகளைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கண்டிப்பு வேண்டும், முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் நின்றவளுக்கு அது தெரியும். அந்தத் தாளைத் தமிழிலும் அடியுங்கள். முதல் வகுப்பில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு விதிக்கும் ஏன் என்று ஒரு வரி சொல்லுங்கள். "என்னைப் பார்க்க வருவது தண்டனை இல்லை" என்பதையும் ஒரு விதியாகவே எழுதிவிடுங்கள்.

என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் ஒன்று. நம் தெருவில் இப்படி ஒரு பிள்ளையாவது இருக்கும். கூப்பிட்டு, "கல்லூரியில குடுத்த தாளை எடுத்துட்டு வா, சேர்ந்து படிப்போம்" என்று சொல்லுங்கள். நமக்குத் தாவரவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

நேற்று வந்திருந்தாள். இந்த வருடம் சேர்ந்த ஜூனியர் பெண்கள் இரண்டு பேருக்கு அந்தத் தாளைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். கடைசியில் அவளாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "லேட்டானாலும் உள்ள போங்க. மரத்தடியில நிக்காதீங்க."