கடைசித் தவணைக்கு முன் ஒரு கையெழுத்து

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி வட்டாரத்தில் எழும் புது வீடுகள் பலவற்றைக் கட்டி முடிப்பது பெண்கள்தான். கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். சிமென்ட் இறக்குவது, கம்பியை எண்ணி வாங்குவது, சனிக்கிழமை சம்பளம் பட்டுவாடா செய்வது, சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் ஊரில் இருக்கும் மனைவியின் தலையில். வங்கிக் கடன் வாங்கியிருந்தால் இன்னொரு வேலையும் சேரும். தவணைப் பணம் வருவதற்கு முன் வீட்டைப் பார்க்க வரும் மதிப்பீட்டுப் பொறியாளருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்படி வீடு கட்டிய ஒரு பெண்ணுக்கு அஸ்திவாரம், லிண்டல், கூரை என மூன்று வருகைகள் சிக்கலில்லாமல் கடந்தன. பயம் வந்தது கடைசி வருகைக்குத்தான். ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. கணவர் டிக்கெட் எடுத்துவிட்டார். பத்திரிகையும் அச்சுக்குப் போய்விட்டது. வீட்டிலோ மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. ஒரு குளியலறையில் டைல்ஸ் ஒட்டவில்லை. செப்டிக் டேங்க் மூடியில்லாமல் திறந்து கிடந்தது. ‘கடைசிப் பணம் வரட்டும், ஒரே மூச்சில் முடித்துத் தருகிறேன்’ என்று காண்ட்ராக்டர் ஒதுங்கி நின்றார்.

பொறியாளர் வந்து இறங்கியதும் அவர் கேட்டுவிட்டார். “சார், பத்து நாள் வேலைதான் பாக்கி. முடிஞ்சிருச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. விசேஷம் வச்சிருக்கோம்.”

“எழுதிரலாம்மா. நஷ்டம் உங்களுக்குத்தான். பேங்க்குகிட்ட உங்க பத்திரம் இருக்கு. காண்ட்ராக்டரை இழுத்துப் பிடிக்க உங்ககிட்ட என்ன இருக்கு? இந்தக் கடைசிப் பணம் ஒண்ணுதான்.”

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். பத்திரத்தில் சொன்ன நான்கு எல்லைகளும் தரையில் அப்படியே இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தார். அங்கீகரித்த வரைபடத்தை விரித்து, வெளிச்சுவர்களை அளந்தார். போர்டிகோ வரைபடத்தைவிட மூன்றடி முன்னால் வந்திருந்தது. “கார் நிக்கணும்னு மாமா சொன்னாங்க” என்றார் அந்தப் பெண். அதையும் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு அறையாகத் திறக்கச் சொல்லி, குழாய், வயரிங், ஜன்னல், தரை எல்லாவற்றையும் பார்த்தார். முகப்பு, சமையலறை, மின் மீட்டர் எனப் படமெடுத்தார். ஒவ்வொரு படத்திலும் தேதியும் நேரமும் இடத்தின் ஆயங்களும் பதிவாயின. முடியாத குளியலறையை முடிந்ததாகக் காட்ட அங்கே வழியே இல்லை.

கணக்கு இப்படி ஓடும். மதிப்பீடு 25 லட்சம், கடன் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தவணைகளில் 16 லட்சம் வந்தாயிற்று. வேலை 90 சதவிகிதம் முடிந்திருக்கிறது என்று பொறியாளர் எழுதினால், பொதுவாகக் கடனிலும் 90 சதவிகிதம், அதாவது 18 லட்சம் வரை தரலாம். இப்போது 2 லட்சம் கிடைக்கும், மீதி 2 லட்சம் வேலை முடிந்த பிறகு. ‘முழுசும் முடிந்தது’ என்று எழுதினால் 4 லட்சமும் ஒரே நாளில் வந்துவிடும். விசேஷச் செலவுக்குக் கொஞ்சம், காண்ட்ராக்டருக்குக் கொஞ்சம் என்று கரைந்த பிறகு டைல்ஸ் ஒட்ட யார் வருவார்கள்? மாதத் தவணை மட்டும் தவறாமல் வரும்.

வேலையின் அளவுக்கே பணம் என்பது ஒரு வங்கியின் பிடிவாதம் மட்டும் கிடையாது. கட்டுமானத்தின் நிலைகளை ஒட்டியே வீட்டுக்கடன் பணத்தை விடுவிக்க வேண்டும் என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. பிரதமர் கிராம வீட்டுத் திட்டத்தில் 1.20 லட்சம் ரூபாய் உதவி பெறுகிறவருக்கும் நிலைக்கு நிலை இடக்குறியீட்டோடு படம் ஏற்றினால்தான் அடுத்த தொகை வரும். அமெரிக்காவிலும், கட்டி முடியும் முன்பே விலை மதிப்பிட்ட வீட்டுக்கு மதிப்பீட்டாளர் மறுபடி ஒருமுறை போய், சொன்னபடி முடிந்திருக்கிறதா என்று தனிப் படிவத்தில் சான்று தருவார். புதிதாக விலை போடுவது அந்த வருகையின் வேலையில்லை. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதே கேள்வி.

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. அலைச்சல் மிச்சம்தான். ஆனால் முடிந்த வீட்டைச் சுற்றிப் பார்த்து, குறை சொல்ல வருகிற வெளியாளும் குறைந்துபோகிறார். கடன் வாங்கிய குடும்பத்துக்கு வங்கிப் பொறியாளர்தான் அந்த ஒரே ஆள். அவரையும் காபி கொடுத்துச் சரிக்கட்டி அனுப்பினால், திறந்து கிடக்கும் செப்டிக் டேங்க்கைப் பற்றி யார் கேட்பார்கள்?

பொறியாளர் 90 சதவிகிதம் என்றே எழுதினார். போர்டிகோவின் மூன்றடியும் அறிக்கையில் ஏறியது. அதற்குத் திருத்திய வரைபடம் வாங்கித் தரச் சொன்னது வங்கி. அன்று இரவு கணவருடன் வீடியோ காலில் கொஞ்சம் சண்டை. “நாலு பேர் வர்ற நாள்ல மொட்டைப் படியோடயா நிக்கிறது?” என்று அவர் கோபப்பட்டார். மனைவி பதிலுக்குக் கத்தவில்லை. மறுநாள் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு அறிக்கையைக் காட்டினார். முதல் வேலை செப்டிக் டேங்க் மூடி, விசேஷத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள். இரண்டாவது கைப்பிடி. டைல்ஸ் கடைசி. ஒவ்வொன்றும் முடிந்த பிறகே அதற்கான பணம். நாள் போனால் காண்ட்ராக்டருக்கும் பணம் தள்ளிப்போகும் என்பதால் ஆட்கள் இரண்டாம் நாளே வந்தார்கள்.

பால் காய்ச்சிய அன்று மூடியும் கைப்பிடியும் இருந்தன. அந்தக் குளியலறையை மட்டும் பூட்டி வைத்திருந்தார்கள். பந்தியில் ஒரு இனிப்பைக் குறைத்தார்கள், யாரும் கவனிக்கவில்லை.

இப்போது அதே தெருவில் வீடு கட்டும் பெண்கள் அவரிடம் யோசனை கேட்க வருகிறார்கள். வரைபட நகல், பத்திரம், பட்டா, பில்கள், காண்ட்ராக்டர் ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைக்கச் சொல்கிறார். எல்லா அறைச் சாவிகளையும் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பொறியாளர் வரும்போது காண்ட்ராக்டரும் பக்கத்தில் நிற்கட்டும் என்கிறார். நாள் குறிக்கப் போகும் முன், மிச்ச வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கவும் சொல்கிறார்.