‘ஆமாங்க’ சொல்வதற்கு முன்

புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டு மாத்தளை நீதவான் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது குறுக்கு விசாரணையைப் பற்றித்தான். சாட்சியை எப்படி மடக்குவது, எந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவது என்று. அது பிறகு வரும். குற்றவியல் வழக்குகளில் பாதி, நாம் எழுந்து நிற்பதற்கு முன்பே பொலிஸ் நிலையத்து மேசையிலோ கூட்டுக் கம்பிக்குப் பின்னாலோ முடிந்துபோகின்றன. அந்த இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்வதுதான் வேலை.

அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் தாமாகவோ சட்டத்தரணி மூலமோ நியாயமான விசாரணையில் தம் பக்கத்தைச் சொல்ல உரித்துடையவர். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260ஆம் பிரிவும் அதைத் தாங்கி நிற்கிறது. ஆனால் இரண்டையும் நிதானமாக வாசியுங்கள். குற்றச்சாட்டு வந்தபிறகு நடப்பதைத்தான் அவை பேசுகின்றன. இரவில் லயத்திலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவனுக்கு அந்த இரவில் சட்டத்தரணி உண்டு என்று வெளிப்படையாக ஒரு வரி இல்லை. இந்தியாவின் 22(1)ஆம் உறுப்புரை கைதானவருக்கே அந்த உரிமையைக் கொடுத்துவிடுகிறது. நமக்கு 2012இல் வந்த பொலிஸ் விதிகள் இருக்கின்றன. கட்சிக்காரர் சார்பில் சட்டத்தரணி நிலையத்துக்குப் போகலாம், பொறுப்பதிகாரி மரியாதையாக நடத்தவேண்டும் என்கின்றன. விதியின் நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். எடுத்து நீட்ட வேண்டிய தேவை வராதபடி நடந்துகொள்வதுதான் சாமர்த்தியம்.

என் சீனியர் காலத்தில் அந்த விதிகளும் கிடையாது. அவர் நிலையத்துக்குள் போனால் சட்டம் பேசமாட்டார். “சேர், இவரை எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வந்தீங்க?” என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்பார். பதிலை, அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டயறியில் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான். சட்டக்கோவையின் 37ஆம் பிரிவின்படி இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். நேரம் எழுத்தில் ஏறிவிட்டது என்று தெரிந்தால் ஆள் காலாகாலத்தில் நீதவான் முன்னால் வந்துவிடுவான். டயறிகளை அவர் எறிந்ததே இல்லை.

கூட்டுக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற விதமும் தனி. “என்ன செய்தாய்?” என்று ஒருநாளும் ஆரம்பிக்கமாட்டார். சாப்பிட்டீங்களா, யாரும் கை வச்சாங்களா, எதுல கையெழுத்து வச்சீங்க, வாசிச்சுக் காட்டினாங்களா, எந்தப் பாஷையில? இந்த வரிசையில்தான் போகும். தோட்டத்துச் சனத்தை அவருக்குத் தெரியும். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் தலைமுறை தலைமுறையாக ‘ஆமாங்க’ சொல்லிப் பழகியவர்கள், கறுப்புக் கோட்டைக் கண்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஆகவே ஆமாங்க என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேள் என்பார்.

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவரை மிளகு திருடியதாகப் பிடித்து வந்திருந்தார்கள். என்னோடு இருந்த இன்னொரு ஜூனியர் போய்ப் பேசினார். மிளகு உங்ககிட்ட இருந்திச்சா? ஆமாங்க. சாக்குலயா? ஆமாங்க. அவர் திரும்பி வந்து, குற்றவாளி என்று சொல்லிவிட்டுத் தண்டப்பணத்தைக் கட்டிவிடலாம் என்றார். சீனியர் எழுந்து போனார். “அம்மா, அந்த மிளகு எந்தக் கொடியில பறிச்சது?” லயத்துக்குப் பின்னால் கிளிரிசிடியா மரத்தில் தானே ஏற்றிவிட்ட கொடி என்றார் அந்த அம்மா. தாமே நட்டது, காய்க்கத் தொடங்கி மூன்று வருஷம், பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் தெரியும். அன்று சுற்றவாளி என்று சொல்லி வழக்கு விளக்கத்துக்குப் போனது. முறைப்பாட்டுக்காரர் தவணைக்கு வராமல் விட, கடைசியில் விடுதலை. தண்டப்பணம் சிறிய தொகைதான். திருட்டு என்ற பதிவு அந்த அம்மாவின் பெயரில் ஏறியிருந்தால், அடுத்தமுறை தோட்டத்தில் எது காணாமல் போனாலும் ஜீப் முதலில் அந்த லயத்துக்குத்தான் வந்திருக்கும்.

பொலிஸுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இரண்டு பிரிவு தள்ளி 27 இருக்கிறது. “ஒளித்துவைத்த இடத்தைக் காட்டுகிறேன்” என்று கைதானவன் சொல்லி, அங்கே பொருள் அகப்பட்டால், அந்தத் துண்டு மட்டும் உள்ளே வந்துவிடும். கத்தி, கசிப்புக் கேன், களவுபோன தண்ணீர்ப் பம்பு எல்லாம் அப்படி வந்தவைதான். ஆகவே கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும்போது இதையும் கேளுங்கள்: எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனார்கள், யார் முன்னால் நடந்தார்கள், இடத்தை முதலில் காட்டியது யார்? பல மாதம் கழித்துக் குறுக்கு விசாரணை செய்யும்போது கையில் இருக்கப்போவது அன்று நீங்கள் எழுதிய அரைப் பக்கம்தான்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தால் 25ஆம் பிரிவும் கைகொடுக்காது. அதன் 16ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகும். நல்லரத்தினம் சிங்கராசா வழக்கை இளையவர்கள் எல்லாரும் வாசிக்கவேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த மனிதர், 1993இல் கைதானவர். ஒப்புதலை மொழிபெயர்த்தது ஒரு பொலிஸ்காரர், அடியில் இருப்பது பெருவிரல் அடையாளம். ஐம்பது வருடத் தண்டனை மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. ஜெனீவாவிலுள்ள மனித உரிமைகள் குழு 2004இல் அவர் பக்கம் நின்றது, நமது உயர் நீதிமன்றம் 2006இல் அதை ஏற்கவில்லை. தீர்ப்பைப் பற்றிய வாதத்தைப் பெரியவர்களிடம் விட்டுவிடுகிறேன். தொழில்காரனாக எனக்கு அதில் தெரிவது, அந்த மேசையில் அவர் பக்கம் ஒருவரும் இல்லை என்பதுதான்.

மாத்தளையில் நீதிமன்ற மொழி சிங்களம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பைத் தருகிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கட்சிக்காரர் கூண்டில் தலையாட்டுகிறார் என்பதற்காக அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கவேண்டாம். எழுந்து கேட்டு, கேட்டதை வழக்கேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

காசில்லாதவருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மேல் நீதிமன்றத்தில் ஆளில்லாத எதிரிக்கு நீதிமன்றமே சட்டத்தரணியை ஒதுக்கும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நீதிக்குத் தேவையான இடத்தில் கட்டணமில்லாமல் சட்ட உதவி ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. ஒதுக்கப்பட்ட வழக்கு உங்கள் கைக்கு வந்தால், காசு கொடுத்தவரின் பைலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அதற்கு உங்களுக்குக் கிடைக்கும் கட்டணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்தான், ஆனால் உள்ளே கழிக்கும் வருடம் இரண்டு எதிரிக்கும் ஒன்றுதான்.

இனிப் பிணை. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதையே வழமையாக வைக்கிறது, மறுப்பது விதிவிலக்கு. நீதவான் கட்டளை போட்டபிறகும் ஆள் உள்ளேயே கிடப்பது பெரும்பாலும் கடதாசியால். பிணையாளின் வதிவிடத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் கேட்பார்கள், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்பார்கள். எல்கடுவ, கந்தேநுவரப் பக்கத்து லயத்தில் தனி விலாசம் எங்கே இருக்கிறது? கடிதமெல்லாம் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் வரும். அதனால் பிணை விண்ணப்பத்தை எழுதும்போதே இரண்டு பிணையாட்களையும் கையோடு பிடித்துவையுங்கள், மூன்றாவதாக ஒருவரும் இருக்கட்டும். அடையாள அட்டை இலக்கத்தையும் பெயரின் எழுத்துகளையும் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள், ஓரெழுத்து பிசகினாலும் பதிவாளர் திருப்பி அனுப்புவார். தவணை வெள்ளிக்கிழமை என்றால், காலையிலேயே ஓர் ஆளைப் பிரதேச செயலகத்து வாசலில் நிறுத்திவிடுங்கள். பின்னேரம் மேலொப்பம் தவறினால் அவன் திங்கட்கிழமை வரைக்கும் பல்லேகலைச் சிறையில்தான்.