நாலு பிளேட் இடைவெளி

ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் கார் இங்கிலாந்தில் 1952 தொடக்கம் 1954 வரைதான் செய்யப்பட்டது. அந்த இரண்டு வருடச் சரக்கு யாழ்ப்பாணத்து ரோட்டுகளில் அரை நூற்றாண்டு ஓடியது. கலியாண வீடு, பிள்ளைப்பேறு, நல்லூர்த் தேர், யாழ்தேவி றெயினுக்கு ஆள் ஏற்றுவது, எதற்கும் சந்தியில் நிற்கிற ஏ-40தான். கியர்க் கம்பு ஸ்ரியறிங்கோடு இருந்ததால் முன் சீற்றிலேயே மூன்று பேர் இருக்கலாம். பின்னுக்கு எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை.

சித்தப்பாவிடமும் ஒன்று இருந்தது. இப்போது அது அவருடைய மகனிடம். மாப்பிள்ளை பொம்பிளை ஏற்றுகிற வாடகைக்கு மட்டும் துடைத்து மினுக்கி வெளியே எடுப்பான். போன வருடம் லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், "இனி உந்தப் பொயின்ற் கரைச்சல் வேண்டாம்" என்று எலெக்ரோனிக் இக்னிஷன் செற் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கைக்குள் அடங்குகிற கறுப்புக் கட்டி, அதிலிருந்து இரண்டு வயர், டிஸ்ரிபியூற்றர்த் தண்டில் மாட்டக் காந்தம் பதித்த ஒரு வளையம், அவ்வளவுதான். முன்பு பொயின்ற் திறந்து செய்த வேலையைத்தான் இது செய்யும்: காந்தம் ஒவ்வொன்றும் கடக்கும்போது கட்டி கொயிலுக்குப் போகிற மின்னை வெட்டும். வெட்டுகிற அந்தக் கணத்தில் கொயிலில் ஆயிரக்கணக்கான வோல்ற்று எழும்பிப் பிளக்கில் பொறியாகப் பாயும். உரசுகிற பகுதி இல்லை, தேய்மானம் இல்லை. பூட்டிய நாள் தொடக்கம் கார் ஒரு சுற்றிலேயே பிடித்தது. நல்ல சாமான் என்றுதான் நானும் சொன்னேன்.

பங்குனி வெயிலில் அது வேறு முகம் காட்டியது. கொஞ்சத் தூரம் நன்றாக ஓடும், பிறகு திடீரென்று நிற்கும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பெற்றோல் பம்ப்தான் என்றார் ஒருவர். வெக்கைக்குக் குழாயில் ஆவி அடைக்குது என்றார் இன்னொருவர். பெற்றோல் இல்லாமல் நிற்கிற கார் இரண்டு மூன்று தரம் திணறி, இழுத்து, அதன் பிறகுதான் நிற்கும். பொறி போய் நிற்கிற கார் ஒரேயடியாக நிற்கும். இந்த வித்தியாசத்தை எங்கள் ஊரில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும்.

கடைசியில் ஓட்டோ எலெக்ரிக் வேலை செய்கிற பொடியன் ஒருவன் வந்தான். நிற்கும்வரை காரை ஓடவிட்டான். நின்ற கையோடு கொயிலின் டிஸ்ரிபியூற்றர்ப் பக்க முனையில் சோதனை லாம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்ரார்ட்டரை அடிக்கச் சொன்னான். கட்டி மின்னை வெட்டினால் லாம்ப் மினுங்க வேண்டும். மினுங்கவில்லை. மற்ற முனையில் பார்த்தான், பன்னிரண்டு வோல்ற்று ஒழுங்காக வருகிறது. டிஸ்ரிபியூற்றர்க் கப்பைக் கழற்றி, கட்டியில் ஈரத்துணியைப் பிழிந்து ஒற்றி, கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தபோது லாம்ப் மினுங்கத் தொடங்கியது. பிறகு மீற்றரை எடுத்துக் கொயிலை அளந்தான். ஒன்றரை ஓம்.

"அண்ணை, இது றெசிஸ்ரரோட ஓடவேண்டிய கொயில். நேராப் பன்னிரண்டு வோல்ற்றுக் குடுத்தா எட்டு அம்பியர் இழுக்கும். உந்தச் சின்னச் சாமான் சுட்டுப்போகும். மூண்டு ஓம் கொயிலெண்டா நாலோட நிக்கும்."

கணக்கு நேர்த்தியானது. பொடியனும் கெட்டிக்காரன்தான். ஆனால் லாம்ப் மினுங்காமல் இருந்த நேரத்தில் என் மனம் மருதனார்மடத்துப் பக்கம் போய்விட்டது. அங்கே ஒரு பூவரச மரத்தடியில், கிடுகுக் கொட்டிலில் பெரியண்ணையின் கராச் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவர் பெரியண்ணை. எண்ணெய் குடித்துக் கறுத்த மண் நிலம், மரத்தில் தொங்குகிற பழைய ரயர், வாயில் அணைந்த சுருட்டு. கார் படலையைத் தாண்டமுன்னமே, "ஒரு சிலிண்டர் மிஸ் பண்ணுது, அங்கயே நிப்பாட்டு" என்று குரல் வரும்.

முதலில் டிஸ்ரிபியூற்றர்க் கப்பின் நடு வயரைப் பிடுங்கி, நுனியை எஞ்சின் இரும்புக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு ஹான்டிலைச் சுற்றச் சொல்வார். நீலமாக, 'சட்' என்ற சத்தத்தோடு பாய்ந்தால் கொயில் சுகம். மஞ்சளாக, நூல் மாதிரி இழுபட்டால் கப்பின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டு உள்ளே பார்ப்பார். அந்தச் சின்னக் குழிக்குள் இருக்கிற பொயின்றுகளின் நிறத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். சாம்பல் நிறமென்றால் நல்லது. நீலம் பாரித்துக் கருகியிருந்தால் கொண்டென்சர் போய்விட்டது. ஒன்றில் பள்ளமும் மற்றதில் முளையும் விழுந்திருந்தால் அதற்கும் கொண்டென்சரோடு ஒரு வழக்குண்டு. எமறித் தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுவை இழுப்பார்.

பிறகுதான் அந்த வேலை. கையேட்டில் போட்டிருந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினாலு தொடக்கம் பதினாறு பங்கு. அதை அளக்கிற தகடு அவரிடம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சேவ் எடுக்கிற பிளேட் நாலை ஒன்றாகச் சேர்த்து, பொயின்ற் முழுதாய்த் திறந்து நிற்கிற இடத்தில் நுழைப்பார். ஒரு பிளேட்டின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர், நாலு சேர்ந்தால் 0.4. பதினாறு ஆயிரத்தில் என்பதும் கிட்டத்தட்ட அதுதான். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது வெகுகாலத்துக்குப் பிறகு. பெரியண்ணைக்கு மில்லிமீற்றர் தேவைப்படவில்லை. பிளேட் வழுக்கவும் கூடாது, இறுகவும் கூடாது. "இழுத்துப் பார், தெரியுதே?" என்று என் கையில் தருவார். மூவாயிரம் சுற்றில் ஓடுகிற நாலு சிலிண்டர் எஞ்சினில் அந்தப் பொயின்ற் செக்கனுக்கு நூறு தரம் திறந்து மூட வேண்டும். அந்த வேகத்துக்கு என் விரல் நுனியை நம்பிச் சித்தப்பா காரை எடுத்துக்கொண்டு போவார்.

1990இல் போரால் பாதை மூடி, பெற்றோலும் பற்றறியும் தடைப்பட்டியலில் ஏறியபிறகு அந்தக் கொட்டில் இன்னும் மும்முரமானது. கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சேலைன் போத்தலில் பவுத்திரப்படுத்திய பெற்றோலைக் கபிறேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு குழாயைத் திருப்ப வேண்டும். எஞ்சின் இடிக்காமல் இருக்க ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார் பெரியண்ணை. பிளக் எல்லாம் கரி பிடித்தது. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி இறங்கியதால், எஞ்சின் ஒயிலின் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டு போனது. செத்த பற்றறியோடு ஹான்டிலைச் சுற்றி ஓட்டிய நாட்கள் அவை. பற்றறியில் கொஞ்சமாவது உயிர் மிச்சமிருந்தால் பொயின்ற் பொறியைத் தரும், மனிதர் மிச்சத்தைச் சுற்றிக்கொள்வார்கள். ரோட்டெல்லாம் குப்பி விளக்கு மணத்தது. இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய்ப் புகை வந்தால் எனக்குப் பசிக்கும். அந்த நாட்களில் கார் வந்தால்தான் வீட்டுக்கு அரிசி வந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து ஒரே பாதையில் இறங்கியது. மழை. ஆச்சியையும் நெல்லு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, நடக்கிற சனத்தின் வேகத்தில் கார் ஊர்ந்தது. நாவற்குழிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருவரும் ஏசவில்லை. யாரோ ஒருவர் பொனற்றைத் தூக்கினார். இன்னொருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து கப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"உள்ளுக்கு ஈரம், தம்பி. வேற ஒண்டும் இல்லை. காஞ்ச சீலைத் துண்டு கிடக்கே?"

காய்ந்த துணி அந்தக் கூட்டத்தில் யாரிடமும் இருக்க வழியில்லை. ஆச்சி தன் வெற்றிலைப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பையைக் கொடுத்தா. கப்பின் உட்பக்கம், றோட்டர், வயர்களின் தலை எல்லாம் அந்தப் பையால் துடைபட்டன. நாலு பேர் தள்ளினார்கள், கார் பிடித்தது. துடைத்தவரின் முகத்தைக்கூட இருட்டில் நாங்கள் பார்க்கவில்லை. அவர் மெக்கானிக்காக இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாத்தியாராக இருக்கலாம், புகையிலைத் தோட்டக்காரராக இருக்கலாம். கப்புக்குள் ஈரம் நின்றால் பொறி வழிதவறும் என்பது அந்நாளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

2002இல் ஏ-9 பாதை திறந்தது. ஜப்பான் வான்கள் வந்தன, ஏ-40கள் சந்தியை விட்டுப் பின்வளவுகளுக்குப் போயின. பெரியண்ணை மகளிடம் கனடாவுக்குப் போனார், அங்கேயே காலமானார். பூவரச மரம் நின்ற இடத்தில் இப்போது மதில்.

பழைய முறை சிறந்தது என்று நான் வாதாட வரவில்லை. பொயின்ற் தேயும், கருகும், மழைக்குச் சண்டித்தனம் பண்ணும், சில ஆயிரம் மைலுக்கு ஒருதரம் கை வைக்கச் சொல்லும். கறுப்புக் கட்டிக்கு இந்தக் கோளாறுகள் பெரும்பாலும் இல்லை. ஆனால் பொயின்ற் கெடும்போது படிப்படியாகக் கெடும், நிறம் மாறும், சத்தம் மாறும், பார்க்கிறவன் கற்றுக்கொள்வான். அதே ஒன்றரை ஓம் கொயில் பொயின்றுக்கு வாய்த்திருந்தால் கருகிக் கருகியே காட்டிக்கொடுத்திருக்கும். கட்டிக்கு இரண்டே நிலை, ஓடும் அல்லது ஓடாது. அதைப் பிடிக்க லாம்பும் மீற்றரும் படித்த பொடியனும் வேண்டும். இவை மூன்றும் இல்லாத ரோட்டில் வழியால் போகிறவன் இறங்கிவந்து உதவ ஒன்றுமில்லை. அதனால் அவன் இறங்குவதுமில்லை.

சித்தப்பாவின் மகன் மூன்று ஓம் கொயிலும் புதுக் கட்டியும் எடுத்துப் பூட்டிவிட்டான். என் சொல்லைக் கேட்டு டிக்கியில் பழைய பொயின்றும் கொண்டென்சரும் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. வழியில் கட்டி செத்தால் மாற்றிப் பூட்டிக்கொண்டு வீடு வரலாம். அவனுக்குப் பூட்டக் காட்டிக் கொடுத்துவிட்டேன், இடைவெளி வைக்கவும் பழக்கிவிட்டேன். பொயின்ற் செற் லண்டனில் இன்னும் புதிதாகவே வாங்கலாம், தபாலில் வரும். பின்னால் நின்று ஏசாமல் சைக்கிளைச் சாத்திவிட்டு வருகிற ஆட்களைத்தான் எந்தக் கடையிலும் எடுக்க முடியாது.