நித்தியகல்யாணி

மலர்களுக்கும் சாதி வகுத்துவிட்டவர்கள் நாம். மல்லிகைக்குக் கூந்தலிலும் தாமரைக்கு இறைவன் திருவடியிலும் இடம் அளித்தோம். ரோஜாவுக்குத் தொட்டியும் உரமும் தந்தோம். ஆனால், எவரும் விதைக்காமல், எவரும் நீர் வார்க்காமல், சாக்கடை விளிம்பிலும் மதிற்சுவரின் வெடிப்பிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டுப் பூ என்று கூறி ஒதுக்கி வைத்தோம். பூசைக்குப் பறிப்போர் சிலர் உண்டு. எனினும் அப்பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அதைத் தொடவும் தயங்குகிறது.

இப்பெயர் வந்த காரணத்தை எண்ணிப் பார்த்தால், அது இழிவுக்குரியதன்று என்பது விளங்கும். தோட்டப்புறத்து இடுகாட்டுக்கு நாள்தோறும் சென்று நீர் வார்ப்பார் யார்? அங்கு ஊன்றப்படும் செடி வெயிலைத் தாங்க வேண்டும். வறட்சியைத் தாங்க வேண்டும். ஆடுமாடுகளின் வாய்க்கும் தப்ப வேண்டும். நித்தியகல்யாணியின் இலை கசப்பு மிக்கது; கிள்ளினால் பால் வடிவது; ஆடும் அதை நாடுவதில்லை. ஆகவே, மறைந்தோர் நினைவாக எதையேனும் நட விரும்பியவர்கள் இதனை நட்டனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, நம் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னும் அங்கே பூத்துக்கொண்டிருப்பது இச்செடி ஒன்றே.

இதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பெயர் சுட்டிய தொண்ணூற்றொன்பது மலர்களுள் இதனைத் தேடினால் கிடைக்காது. மலாய் மக்கள் இதனைச் சீனத்துக்கு உரியதாக்கிக் கெமுந்திங் சீனா என்கின்றனர். நாம் சுடுகாட்டுக்கு உரியதாக்கினோம். மடகாஸ்கரை நினைப்பார் இலர். 1759ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். 1837இல் ஜார்ஜ் டான் என்பார் அதனைக் கதராந்தஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குத் தூய மலர் என்பது பொருள். சுடுகாட்டுப் பூ என்னும் ஏச்சுக்கு இதனினும் தக்க மறுமொழி வேண்டுமோ?

எங்கள் பள்ளித் திடலின் ஓரமாக, வேலியை ஒட்டி, புல்லும் சரளைக் கல்லும் கலந்த நீண்ட கரை ஒன்று உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் மனமுவந்து வாங்கித் தந்த ரோஜாச் செடிகள் அங்கு ஓர் ஆண்டிறுதி விடுமுறையைக்கூடத் தாண்டவில்லை. பள்ளித் தோட்டத்துக்குப் பெரும்பகை பூச்சியன்று, விடுமுறையே! மாணவர் இல்லாத நாள்களிலும் தானே வாழ்ந்துகொள்ளும் செடியே பள்ளிக்கு ஏற்றது. இக்கருத்தை நான் சங்கக் கூட்டத்தில் கூறியபோது முதியவர் ஒருவர் எழுந்து, “பிள்ளைங்க படிக்கிற இடத்துல சுடுகாட்டுப் பூவா, ஐயா?” என்று வினவினார். நான் வாதம் புரியவில்லை. மூன்று மாதத் தவணை கேட்டேன்.

நித்தியகல்யாணியின் காய்கள் இணை இணையாக, மெல்லியனவாய், இலைக்கணுக்களில் நிற்கும். அவை பச்சை மாறிப் பழுப்பேறும் தறுவாயில் பறித்துவிட வேண்டும். சிறிது தாமதித்தால் வெடித்துக் கரிய சிறு விதைகளைச் சிதறிவிடும். இவ்விதை இருளிலேயே நன்கு முளைக்கும். ‘விதை வெளிச்சத்தைத் தேடும்’ என்று மாணவர் சாதித்தமையால், இரண்டு தட்டுகளில் விதைத்து, ஒன்றைப் பழைய அட்டையால் மூடி, மற்றதைத் திறந்து வைக்கச் செய்தேன். மூடிய தட்டில் நெருக்கமாக முளைத்திருந்ததைக் கண்ட பிறகு அவர்கள் என்னோடு வழக்காடவில்லை. முளை வெளிவந்தவுடன் அட்டையை அகற்றிவிட வேண்டும். நாற்றுக்கு வெயில் இன்றியமையாதது.

நான்கைந்து இணை இலைகள் விட்டதும், மணல் கலந்து சற்றே உயர்த்திய பாத்தியில் ஓரடி இடைவெளியில் நட்டோம். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். உரம் சிறிதே போதும். மிகுத்தால் இலை செழிக்கும், பூ குறையும். நீர்தான் இதன் கூற்றுவன். அன்பு மிகுந்த மாணவர்களே மிகுதியான செடிகளைக் கொன்றனர். மழை ஓயாத அக்டோபர், நவம்பர் மாதங்களில் அடித்தண்டு கறுத்து, ஈர மண்ணில் நின்றபடியே செடி வாடும். அது வேரழுகல். அதனை வேரோடு அகற்ற வேண்டும். வாடுகிறதே என்று மேலும் நீர் வார்த்தல் கூடாது.

தவணை முடியுமுன் கரை முழுவதும் இளஞ்சிவப்பும் வெண்மையும் பூத்தன. பூவின் குழல் நீண்டு குறுகியதாதலால் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் வரத் தொடங்கின. பாத்தியினின்று சிதறிய விதைகள் திடலின் புல்லிடையேயும் முளைத்தன. அவற்றைப் புல்வெட்டும் இயந்திரத்தினின்று காக்க மாணவர் குச்சிகள் நட்டு அடையாளமிட்டனர். முதியவர் வந்து பார்த்தார், புகழவுமில்லை, பழிக்கவுமில்லை.

இச்செடியின் வேறொரு வரலாற்றையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஜமைக்காத் தீவில் நீரிழிவுக்கு இதன் இலைநீரைப் பருகி வந்தனர். 1952இல் அவ்விலைகள் சில அஞ்சலில் கனடா நாட்டு மருத்துவர் ஒருவரை அடைந்தன. அவருடைய தம்பி ராபர்ட் நோபிள் அவற்றை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். இரத்தத்துச் சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன! வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? நோபிளும் வேதியியலறிஞர் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் உலகறிய வெளிவந்தது. பின்னர் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட வின்கிரிஸ்டின் 1963 முதல் வழக்கிலுள்ளது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் கொடுக்கப்படும் மருந்துகளுள் அது முதன்மையானது.

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. எங்கள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்திக்குக் காய்ச்சல் விடாதிருந்தது. கைகால்களில் கன்றிய தழும்புகள் தோன்றின. இரத்தப் புற்றுநோய் என்றது மருத்துவமனை. லாரி ஓட்டுநரான அவள் தந்தை கொண்டுவந்து காட்டிய தாளில் வின்கிரிஸ்டின் என்ற பெயரைக் கண்டேன். அது நம் வேலியோரச் செடியினின்று வருவது என்று அவரிடம் கூறினேன். மறுநாள் விடியலில் அவளுடைய பாட்டி ஒரு பையுடன் வந்து நின்றார்.

“தழையைக் கொஞ்சம் பறிச்சிக்கிறேன், ஐயா. கசாயம் வச்சிக் குடுக்கலாம்.”

நான் தடுத்தேன். ஒரு கிராம் மருந்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும் என்பதையும், மருத்துவர் அதனை மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் ஏற்றுவதையும், பச்சையிலையில் உள்ள வேறு பல நச்சுப் பொருள்களையும் அவருக்கு விளங்கும் வகையில் எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இது மருந்தா, விஷமா?”

“இரண்டும்தான், அம்மா. அளப்பவர் கையில் இருக்கிறது.”

அவர் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “அப்ப ஆஸ்பத்திரியில குடுக்கறதே போதும்,” என்று கூறி நடந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது சிகிச்சை. முடி உதிர்ந்து, மீண்டும் வளர்ந்து, அவள் இப்பொழுது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறாள்.

நீரிழிவுக்காக விடியலில் இப்பூவை மெல்லுவோர் இன்றும் நம்மிடையே உளர். ஆதலின் இதனைப் பள்ளியில் வளர்க்க விரும்பும் ஆசிரியர்கள், அழகைக் கூறுமுன் நஞ்சைக் கூறிவிடுதல் நலம். வாயில் வைத்தல் ஆகாது. பால் பட்ட கையைக் கழுவ வேண்டும். எங்கள் மாணவர் இதனைப் பாடம்போல் ஒப்பிப்பர்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் செடி கட்டைபோல் முற்றிப் பூக்குறையும். அப்போது களைந்துவிட்டுப் புது நாற்று நடவேண்டும். அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர் விதைகளைச் சேகரித்துத் தாளுறைகளில் இட்டனர். உறையின்மேல் எப்பெயரை எழுதுவது என்று அவர்களுக்குள் பெரிய வழக்கு. நித்தியகல்யாணி, கெமுந்திங் சீனா, சுடுகாட்டுப் பூ என மூன்றையும் எழுதச் சொன்னேன்.